பென் டிரைவில் ஃபைல் இருந்தது, படம் இல்லை

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு 40 பக்கத்தில் ஒரு மலர். வேர்டில் அடித்து முடித்ததில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறிய பிறகுதான்.

அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அப்பா அம்மா கல்யாணப் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம், அதில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அடுத்த பக்கம், அக்கா ‘பாமினி’ என்ற பழைய ஃபாண்டில் (ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் மாட்டிவிடுவது) அடித்து அனுப்பிய வாழ்த்துப்பா. அதில் ‘அப்பா’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் எம், ஜி, அரைப்புள்ளி, மறுபடி ஜி, ஹெச்!

“சார், இது உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு டிசைனர் டீ குடிக்கப் போய்விட்டார். என்ன ஃபாண்ட் வேண்டும், எந்தப் படம் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கேட்டால், ஃபைல் கனமாகிவிடும் என்று அக்கா பையன் படங்களையெல்லாம் ‘லிங்க் டு ஃபைல்’ என்று கொடுத்துச் சேர்த்திருக்கிறான். அப்படிச் சேர்த்தால் ஃபைலுக்குள் படம் இருக்காது, என் சி டிரைவில் அது இருக்கும் விலாசம் மட்டும்தான் இருக்கும். அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு அச்சகக் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்.

எவையெல்லாம் வெளியே கிடக்கின்றன என்று பார்க்க ஒரு வழி கிடைத்தது. வேர்ட் ஃபைல் (பழைய டாக் இல்லை, கடைசியில் எக்ஸ் வரும் டாக்எக்ஸ்) உண்மையில் ஒரு ஸிப், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. ஒரு காப்பி எடுத்து, அதன் பெயரில் கடைசிப் பகுதியை ஸிப் என்று மாற்றித் திறந்தேன். வேர்ட் ஃபோல்டருக்குள் ‘ரெல்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘டாக்குமென்ட்’ என்று தொடங்கும் ஃபைல். நோட்பேடில் அதைத் திறந்து ‘எக்ஸ்டர்னல்’ என்று தேடினால் வெளியே இருக்கும் படங்களின் விலாசம் வரிசையாக வந்துவிடும். இணையதள முகவரி கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்தே வரும், பயந்துவிடாதீர்கள்.

பதினொரு படம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாதாரணமாக இன்சர்ட் செய்தேன். ஃபாண்டுக்கு ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ்’ (ஃபாண்டையும் ஃபைலுக்குள்ளேயே வைத்துவிடுவது) டிக் போட்டேன். மறுபடியும் பஸ்.

இந்தத் தடவை எல்லாம் வந்தது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்க வேண்டிய தாமரைப் பார்டரைத் தவிர. ஹெட்டரில் இருக்கும் படத்துக்கு அதே ரெல்ஸ் ஃபோல்டரில் தனி ஃபைல். அதை நான் திறந்தே பார்க்கவில்லை. அரை நாள் போச்சு.

மூன்றாவது முறை புத்தி வந்து, கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே போட்டோ ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஃபைலைத் திறந்தேன். பழைய விலாசம் செல்லாது என்பதால், விட்டுப்போன படம் எதுவாக இருந்தாலும் அங்கேயே பல்லிளித்துவிடும். நோட்பேடில் துழாவியதை எல்லாம் விட இது சுலபம், முதலிலேயே தோன்றித் தொலைத்திருக்கலாம். அப்புறம் பிடிஎஃப் ஆக்கி, ரீடரில் கன்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தி ஃபாண்ட்ஸ் பகுதியைப் பார்த்தேன். பாமினிக்குப் பக்கத்தில் ‘எம்பெடட் சப்செட்’ என்று இருந்தது, அதாவது பயன்படுத்திய எழுத்துகள் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன.

அதே டிசைனர்தான் திறந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை உருட்டிப் பார்த்தார்.

“எல்லாம் இருக்கு சார். அட்டைக்கு கிளாஸா, மேட்டா?”