அந்த வயலின் எங்கே போனது?

இசையமைப்பாளர்கள் எம்.எஸ். விஸ்வநாதன் - டி.கே. ராமமூர்த்தி பிரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும் மிச்சம் நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனம் எடுத்த ‘பாசவலை’க்கு (1956) இசை இவர்கள்தான்.

குரு சி.ஆர். சுப்புராமன் 1952-ல் திடீரென்று மறைய, அவர் பாதியில் விட்ட வேலைகளை இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் ‘பணம்’ படம். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம் ரேடியோவைத் திருப்பினால் இவர்கள் பாட்டுதான். 1963-ல் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம்.

‘எங்கே நிம்மதி’யை ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். டி.எம்.எஸ். குரலுக்குப் பின்னால் வயலின்கள் கூட்டமாக எழுந்து அலைக்கழித்துவிட்டு, சட்டென்று விலகி அவரைத் தனியே விடும். ராமமூர்த்தி அடிப்படையில் வயலின்காரர். அந்த இடத்தில் அவர் கை தெரிகிறது என்றே எனக்குத் தோன்றும்.

1965, ‘ஆயிரத்தில் ஒருவன்’. அதோடு சரி. எம்.எஸ்.வி. தனியாகவும் கொடிகட்டிப் பறந்தார். ராமமூர்த்திக்கு விரல்விட்டு எண்ணும்படியான படங்களே வந்தன. ‘மறக்க முடியுமா’வில் ‘காகித ஓடம்’ போட்டவருக்கு வாய்ப்பில்லை என்றால் என்ன நியாயம்?

முப்பது வருடம் கழித்து, 1995-ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். காலம் அதற்குள் இளையராஜாவையும் தாண்டி ரஹ்மானிடம் வந்திருந்தது.

நம்மூர்க் கச்சேரிகளில் பழைய பாட்டு பாடும் தம்பிமார்களே, அறிவிக்கும்போது தயவுசெய்து இரண்டு பேரையும் சொல்லுங்கள். எம்.எஸ்.வி. பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்.