மாமியின் தும்பும் என் காரின் சில்லும்

மட்டக்களப்புக் கல்லடியில் கார் வைத்திருப்பவர்களுக்கு உவர்க்காற்றும் கடல் மணலும் இலவசம். 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்தையே அரித்துத் தின்ற காற்று, நான் வாங்கி மூன்று மாதமே ஆன பழைய காரின் அலோய் வீல்களுக்கு மட்டும் இரக்கம் காட்டும் என்று எதிர்பார்த்தது என் தவறுதான். ஆனால் அந்தச் சில்லுகளுக்கு உண்மையான ஆபத்து கடலிலிருந்து வரவில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தது.

வெள்ளிக்கிழமை மாமாங்கேஸ்வரர் கோயிலில் காருக்குப் பூசை செய்விப்பதாக ஏற்பாடு. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்ட மாமி, காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன்சில்லின் முன்னால் நின்று முகத்தைச் சுழித்தார். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குகளுக்குத்தான் வேலை அதிகம். அங்கே தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் சூட்டோடு சூடாகச் சில்லில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முன்சில்லுகள் இரண்டும் கரிபிடித்த சட்டிகளைப் போலத்தான் இருந்தன.

“இது அலுமினியந்தானே மகன்?” என்று கேட்டார்.

“ஓம் மாமி” என்று நான் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் விடியற்காலையில் சர், சர் என்று ஒரு சத்தம் கேட்டு விறாந்தைக்கு ஓடிவந்தேன். பலகைக் கட்டையொன்றைப் போட்டு முன்சில்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமி, ஒரு கையில் தென்னந்தும்பும் பக்கத்துச் சிரட்டையில் அரித்தெடுத்த சாம்பலும் இன்னொரு சிரட்டையில் பழப்புளிக் கரைசலுமாக, கலியாண வீட்டுக் கிடாரத்தைத் தேய்க்கும் அதே முழுமூச்சோடு தேய்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் காரம், புளி அமிலம். அலுமினியத்துக்கு இரண்டுமே ஆகாது என்பதால், மாமியின் வைத்தியத்தில் எந்தப் பக்கமும் விடுபடவில்லை.

தண்ணீர் ஊற்றியதும் சில்லு பளபளத்தது. மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், மூன்று மாதமாக நீ என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி இருந்தது. வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகுதான் உண்மை வெளித்தது. கீறல்களுக்குள் நிரம்பியிருந்த தண்ணீர் போனதும், வட்டம் வட்டமான நுண்ணிய கோடுகளுடன் சில்லின் பாதி, பனி படர்ந்த கண்ணாடியைப்போல மங்கிக் கிடந்தது. பளபளப்பது அலுமினியமல்ல, அதன்மேல் அடித்திருக்கும் நிறமற்ற வார்னிஷ் என்று நான் விளக்கினேன்.

“சட்டிக்கு ஆராவது வார்னிஷ் அடிப்பாங்களா?” என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று பின்னேரம் சேர்விஸ் ஸ்டேசனுக்குப் போனோம். மாமியும் கூட வந்தார், நியாயம் கேட்க. அங்கிருந்த தம்பி சில்லைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கும்போது கழுவவே கூடாது, சவர்க்கார நுரை உடனே காய்ந்து கறையாகிவிடும் என்று சொல்லி, அது ஆறும்வரை எங்களை நிழலில் இருத்தினார். பிறகு வெறுந்தண்ணீரைப் பீய்ச்சி மணலை முதலில் ஓடவிட்டார். மணல் இருக்கத் தேய்த்தால், தேய்ப்பவர் மாமியாக இருந்தாலென்ன மருமகனாக இருந்தாலென்ன, கீறல் விழுந்தே தீரும். கார் ஷாம்பூவை வாளியில் கரைத்து, மென்மையான தூரிகையால் ஒவ்வொரு சில்லாக முடித்தார். உடம்பைத் துடைக்கும் துணியைச் சில்லுக்கோ, சில்லின் துணியை உடம்புக்கோ அவர் எடுக்கவேயில்லை. போகாத கறைக்கு ஏதோவொரு மருந்தை விசிறினார். அது இரும்புத் துகளோடு சேர்ந்து கத்தரிப்பூ நிறமாக வழிந்தது. கூழ்முட்டை நாற்றத்துக்கு மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மாமி போட்ட கோடுகளில் மெல்லியவை பொலிஷ் போட்டதும் மறைந்தன. ஆழமானவை இன்றும் இருக்கின்றன.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில்தான் அந்தத் தம்பி, “பின்சில்லில அசிட் பட்டிருக்கே, ஆர் செய்த வேலை?” என்று கேட்டார்.

போன மாதம் கழிவறை கழுவும் மருந்தை ஊற்றியவன் நான்தான். அதனால் விழுந்த வெள்ளைத் திட்டுகள் வெளியே தெரியாதிருக்க, அந்தப் பக்கம் மதிலை ஒட்டியபடியே இத்தனை நாளும் காரை நிறுத்திவந்தேன். மாமி ஒன்றுமே பேசவில்லை. வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. இரவு சாப்பாட்டில் மட்டும், “மறுகா, என்ர சாம்பல் பரவாயில்லப் போல” என்றார்.

மறுநாள் மாமாங்கத்தில் பூசை முடிந்து, நான்கு சில்லுகளும் நான்கு தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன. குருக்கள் விபூதித் தட்டோடு திரும்புவதற்குள் மாமி குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு இறங்கி, சில்லு சில்லாக ஊற்றத் தொடங்கினார். சாறு டயரில்தான் பட்டிருந்தது, வார்னிஷில் ஒரு துளியும் இல்லை. குருக்கள் திகைத்து நின்றார்.

“புளி பட்டாக் கூடாதாம் ஐயா” என்றார் மாமி.