அரெஸ்டர் நல்லது, வயர்தான் நீளம்

கொழும்பில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் கடினமான மாதங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட அந்த நாட்களில் பின்னேரமானால் இடி முழங்கும். நகரத்தின் நடுவில் நிலக்கீழ் கேபிள்கள் என்பதால் பயம் குறைவு. வெளியே போகப் போக 33 கிலோவோல்ட் லைன்கள் வெட்டவெளியில் நிற்கும்.

லைனில் மின்னல் இறங்கினால் எழும் மின்னழுத்த அலை ஒரு மைக்ரோசெக்கனுக்கு ஏறக்குறைய 300 மீற்றர் ஓடும். ட்ரான்ஸ்போமரில் மோதித் திரும்பும்போது அழுத்தம் இரட்டிப்பாகலாம். மின்னைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கப் பல மில்லிசெக்கன் வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காப்பாற்ற, மின்னலின் அதிக அழுத்தத்தை மண்ணுக்கு இறக்கிவிடும் அரெஸ்டர் ஒன்றுதான்.

ஒரு தொழிற்சாலையில் ட்ரான்ஸ்போமரின் சுருள் எரிந்த பிறகு பார்க்கப் போனோம். "அரெஸ்டர் வேலை செய்யல்ல போல, சேர்" என்றார் அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் தம்பி. அரெஸ்டர் எத்தனை தடவை வேலை செய்தது என்று எண்ணும் கவுண்டரைப் பார்த்தால் எண் கூடியிருந்தது. அரெஸ்டரைச் சோதித்தோம், அதிலும் பழுதில்லை. ஆனால் அது நின்றது லைன் முடியும் தூணில். அதன் எர்த் வயர் தூண் நீளத்துக்கும் இறங்கித் தனியாக மண்ணுக்குள் போனது. ட்ரான்ஸ்போமர் தாங்கியோடு (அதன் உலோக வெளிக்கூடு) நேரான இணைப்பே இல்லை.

"எர்த் 1 ஓமுக்குக் கீழேதானே இருக்கு?" என்று கேட்டார் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் மின்னல் வேகத்தில் பாயும் மின்னோட்டத்துக்கு ஓமை விட வயரின் நீளம்தான் பெரிய தடை. ஒரு மீற்றர் வயரின் தூண்டம் (மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) சுமார் 1 மைக்ரோஹென்றி. மைக்ரோசெக்கனுக்கு 10 கிலோஅம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால் மீற்றருக்கு 10 கிலோவோல்ட் சேரும். அரெஸ்டர் தன் பங்குக்கு 90 கிலோவோல்ட் அளவில் அடக்கியிருந்தாலும், 6 மீற்றர் வயர் இன்னும் 60ஐக் கூட்டிவிடும். அந்த ட்ரான்ஸ்போமரின் தாங்குதிறன் 170தான். தூணுக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் இடையில் அலை எதிரொலித்து மிச்சத்தையும் ஏற்றியிருக்கும்.

எந்தக் கம்பனியின் அரெஸ்டர் நல்லது என்று வாரக்கணக்கில் பேசுகிறோம். வயரை மட்டும் பொருத்த வருகிறவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். இது எனக்குப் பெரிய கவலை.

புது ட்ரான்ஸ்போமருக்கு அரெஸ்டர்களைத் தாங்கியிலேயே பொருத்தி, எர்த் முனையை அரை மீற்றருக்குள் தாங்கியோடு இணைத்தோம். தூணிலிருந்த பழைய செட்டைக் கழற்றவில்லை. லைனில் வரும் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.