ஓட்டுல வெள்ளைக் கோடுன்னா சுண்ணாம்பா?

ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து கருப்பு-சிவப்பு பழம்பானை ஓட்டுல வெள்ளைக் கோட்டைக் கண்டதும் சுண்ணாம்புன்னு எழுதிராதீய. முதல்ல லென்ஸ் வச்சு உடைஞ்ச விளிம்பைப் பாருங்க. அங்கேயும் அதே வெள்ளை படர்ந்திருந்தா அது புதைஞ்சு கிடந்தப்போ ஏறின படிவு, தீட்டினது இல்ல. சிவப்புக் கோட்டுக்கும் இதே சோதனைதான். நம்ம தேரி மண்ணோட (செம்மணல் மேடு) சிவப்பே ஹெமடைட்ங்கிற இரும்புக் கனிமம், ஒட்டிக்கிட்டா கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

கையடக்க எக்ஸ்ஆர்எஃப்ல (எக்ஸ் கதிரை அடிச்சு என்னென்ன தனிமம் இருக்குன்னு சொல்ற கருவி) கோட்டுமேல ஒண்ணு, பக்கத்து வெறும் ஓட்டுல ஒண்ணுன்னு சோடியா எடுக்கணும். கதிர் மெல்லிய பூச்சைத் தாண்டி களிமண்ணுக்குள்ள போயிரும். அதனால தனி அளவீட்டுல வர்ற இரும்பு யாரோடதுன்னே சொல்ல முடியாது. 2 மி.மீ. கோட்டை, கதிர் விழுற வட்டம் 8 மி.மீ. இருக்கிற கருவியில அளந்தா குப்பைதான். வெள்ளையில கால்சியம் கூடலையா? கயோலினா (வெள்ளைக் களிமண்) இருக்குமோன்னு சந்தேகப்படுங்க.

ராமன்ல (லேசர் ஒளி சிதறுறதை வச்சு கனிமத்தை அடையாளம் காட்டுற கருவி) சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டுக்கு 1086 செ.மீ⁻¹-ல கூரா ஒரு முனை வரும். ஹெமடைட்டுக்கு 225, 292, 411. லேசரை 1 மில்லிவாட்டுக்குக் கீழ ஆரம்பிங்க. அவசரப்பட்டுக் கூட்டினா கோதைட்ங்கிற மஞ்சள் இரும்புக் கனிமம் சூட்டுல ஹெமடைட்டா மாறி, நீங்களே சிவப்பை உண்டாக்கிருவீய. 'பொருளைக் கெடுக்காத, தொடாத சோதனை'ங்கிற பேச்செல்லாம் அதோட போச்சு.

உள்பக்கக் கருப்புல நிறமி தேடி மெனக்கெட வேண்டாம். சூளையில ஏறின கரி அது. எக்ஸ்ஆர்எஃப் கண்ணுக்கே படாது, ராமன்ல 1350, 1590-ல அகலமா ரெண்டு மேடு காட்டும்.