பேரரசர் தோளில் ஹிஜ்ரி ஆண்டு

மதியம் கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒட்டகத்தின் மேல் ஏறி அமுக்குகிறது ஒரு சிங்கம். உடல் முழுக்கப் பொன்னிழை. உருவத்தின் விளிம்பு நெடுக இரட்டை வரிசையில் குட்டி குட்டி முத்துகள்.

சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் மேலங்கி. இப்போது இருப்பது வியன்னாவில், ஹாஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்தில்.

சிவப்புப் பட்டு. விரித்தால் அரைவட்டம், அகலம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். நடுவில் ஒரு மரம். இரண்டு பக்கமும் அதே சிங்கம், அதே ஒட்டகம். பொன்னிழையைத் துணிமேல் படுக்கவைத்து, மெல்லிய நூலால் தைத்துப் பிடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதன் ஓரம்தான்.

ரோஜர் கிறிஸ்தவர், நார்மன் வம்சம். ஆனால் ஓரம் முழுக்கக் கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில் ஒரு வாசகம். சிசிலியின் தலைநகரில், அரசப் பட்டறையில், ஹிஜ்ரி 528இல் செய்தது என்கிறது. அதாவது 1133-34, பலெர்மோ.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ரோஜரின் மகள் கான்ஸ்டன்ஸை, பின்னாளில் புனித ரோமப் பேரரசரான ஆறாம் ஹென்றி மணந்தார். அந்த வழியில் அங்கி புனித ரோமப் பேரரசர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1792 வரை முடிசூட்டு விழாக்களில் இதைப் போட்டிருக்கிறார்கள்!

ஆயர்கள் லத்தீனில் ஜெபம் சொல்கிறார்கள்; பேரரசரைச் சுற்றி அரபு எழுத்து. அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ.

தைத்தவர்கள் பெயர்தான் எங்கும் இல்லை. அந்த ஓர வாசகத்தில் மகிழ்ச்சி, மேன்மை, நல்ல நாட்கள் என்று மன்னருக்கு வாழ்த்தை வாரி இறைத்தவர்கள், ஒரு மூலையில் தங்கள் பெயரையும் நுழைத்திருக்கலாம்.