சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டிய வீடுகள்

ஜப்பானில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் ஹோட்டல் அறையை நம்பிப் போவார்கள், இல்லையென்றால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போவார்கள். நான் முன்பின் தெரியாதவர்களின் வீடுகளை நம்பிப் போனேன். வேலை ஒசாக்காவில் என்பதால் விசா, விமானத்தில் சைக்கிளை ஏற்றுவது போன்ற தலைவலிகள் எனக்கு இல்லை, அதனால் அவற்றைப் பற்றி எழுதவும் போவதில்லை. ஷிகோக்கு தீவின் மலை வழியாகப் போனதையும், வழியில் வீடு வீடாகத் தங்கியதையும் மட்டும் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிற நண்பர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

ஷிகோக்குவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோபோ தைஷி என்று மக்கள் வணங்கும் கூக்காய் துறவி (774–835) பிறந்த தீவு அது. அவர் பெயரால் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை இன்றும் நடக்கிறது. நடந்தால் சுமார் 1,200 கிலோமீட்டர். பல நூற்றாண்டுகளாக வெள்ளைச் சட்டையும் கைத்தடியுமாக அந்நியர்கள் வாசலைக் கடந்து போவதைப் பார்த்துப் பழகிய ஊர்கள். வழிப்போக்கருக்கு எதையாவது கொடுப்பது அங்கே வழக்கம், அதை ‘ஒசெத்தாய்’ என்பார்கள். ஊர் பேர் தெரியாத ஒருவன் சைக்கிளில் வந்து நின்றால் அதிகம் மிரள மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு பொய்க்கவில்லை.

வீடுகளைப் பிடித்தது இரண்டு வழியில். ஒன்று, வார்ம்ஷவர்ஸ். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் இலவசமாகத் தங்கவைக்கும் அமைப்பு அது. இன்னொன்று, ஒரு வீட்டுக்காரர் அடுத்த ஊரில் இருக்கும் தன் நண்பருக்கு போன் போட்டுச் சொல்வது. மலைப்பக்கத்தில் இரண்டாவதுதான் கைகொடுத்தது. பட்டியலில் பெயர் போட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நகர்ப்புறத்தில்தான் இருக்கிறார்கள்.

எழுதிக் கேட்கும்போது சுருக்கமாக எழுதுவது நல்லது, ஆனால் மூன்று விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருவேன், என்ன சாப்பிட மாட்டேன். உங்கள் கலாச்சாரத்தின் மீது எனக்கு அளவற்ற ஆர்வம் என்ற ரீதியில் ஒரு பத்தியும் வேண்டாம். எனக்குப் பதில் எழுதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது வந்து சேரும் நேரத்தைத்தான். மறுப்பு வந்தால் மிகவும் மென்மையாக வரும். அந்த வாரம் ஊர்த் திருவிழா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்படி. அதற்கு மேல் வற்புறுத்தாமல் நன்றி சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் என் முடிவைச் சைவ நண்பர்கள் ஏற்க மாட்டார்கள். ஜப்பானியச் சமையலில் சாற்றுக்கும் குழம்புக்கும் அடிப்படை ‘தாஷி’. அது பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுத்த நீர். கீரை மசியலில்கூட அது இருக்கும். தட்டில் மீன் துண்டு, இறைச்சித் துண்டு இருந்தால் எடுக்க மாட்டேன், மீன் கொதித்த நீரைப் பற்றி விசாரிக்க மாட்டேன் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட்டேன். கறாராக இருப்பவர்கள் கடற்பாசி, காளான் தாஷி மட்டும் போதும் என்று முன்னதாகவே எழுதிவிடுங்கள், கோயில்களில் சமைப்பது அப்படித்தான். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வீட்டம்மாவுக்குத் தர்மசங்கடம்.

ஒசாக்காவுக்குத் தெற்கே இருக்கும் வாகயாமாவில் ஃபெரி ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஷிகோக்குவின் தொகுஷிமா. அங்கிருந்து யோஷினோ ஆற்றை ஒட்டி மேற்கே போகும் பாதை சமதளம், சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்காற்று மட்டும் கொஞ்சம் படுத்தியது. ஆற்றை விட்டு மலைக்குள் திரும்பியதும்தான் பயணமே தொடங்கியது.

இயா பள்ளத்தாக்கில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று திட்டம் போடுவதில் அர்த்தமில்லை. நான் தொடர்ந்து போனது 439ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தொகுஷிமாவில் தொடங்கி தீவின் தென்மேற்கில் ஷிமாந்தோ வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலை என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பல இடங்களில் ஒரு கார் போகும் அகலம்தான், வளைவுக்கு வளைவு வட்டக் கண்ணாடி, சிடார் மரத்தின் ஈரச் சருகு, பாசி, மேலிருந்து உருண்டு வந்த கற்கள், சில நேரம் குரங்குக் கூட்டம். தொகுஷிமா, கோச்சி மாவட்டங்களுக்கு நடுவே கியோபஷிரா கணவாய் 1,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த ஏற்றத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டேதான் நடந்தேன். கடை கிடையாது. போன் சிக்னல் பல வளைவுகளில் கிடையாது. சில்லறைக் காசு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் திடீரென்று ஒரு குளிர்பான இயந்திரம் மட்டும் காட்டோரத்தில் தனியாக நிற்கும்.

இங்கேதான் வீட்டில் தங்குவதற்கும் ஹோட்டலில் தங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டது. ஹோட்டலுக்கு இரவு எட்டு மணிக்குப் போனாலும் சாவி கொடுப்பார்கள். வீட்டில் உங்களுக்காகக் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரம்பியிருக்கும், சோறு வெந்திருக்கும், பெரியவர் ஒருவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டு முனையில் நிற்பார். நவம்பர் நடுவில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், பள்ளத்தாக்கில் இன்னும் முன்னதாக. ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். பேரிடர் அறிவிப்புக்காக வைத்த ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கும், பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்புவதற்கும் அது பயன்படுகிறது. எனக்கும் அதுவே கெடு. அதனால் ஒவ்வொரு நாளையும் பின்னாலிருந்து கணக்குப் பார்த்தேன். நாலரைக்கு வாசலில் நிற்க வேண்டும் என்றால் இரண்டு மணிக்கு எந்த ஏற்றத்தை முடித்திருக்க வேண்டும்? ஏற்றத்தில் மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கவே கூடாது. மதியம் எங்கே சிக்னல் கிடைத்தாலும் வீட்டுக்காரருக்கு ‘லைன்’ செயலியில் ஒரு வரி தட்டிவிடுவேன். நின்றுகொண்டுதான். 2024 நவம்பர் முதல், சைக்கிள் ஓட்டிக்கொண்டே கையில் பிடித்த போனைப் பார்த்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம்.

இயாவில் தங்கிய வீடு, தோக்கியோவிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஓர் இளம் தம்பதியுடையது. கூரைப் புல்லுக்கு மேல் தகரம் போர்த்திய பழைய வீடு, பல காலம் பூட்டிக் கிடந்ததாம். 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம், அதில் ஒன்றைக் குறைத்தோம் என்று சிரித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் நிற்கவே எனக்குக் கால் நடுங்கியது, அவ்வளவு சரிவு. படிக்கட்டாக வெட்டாமல் சரிவிலேயே உழுது உருளைக்கிழங்கும், ‘சோபா’ என்கிற பக்வீட் தானியமும் போடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் அறுத்த புல்லை நம்மூர் வைக்கோல் போரைச் சின்னதாக்கியதுபோல் கூம்பு கூம்பாகக் கட்டி நிறுத்தி உலர்த்துகிறார்கள். பிறகு நறுக்கி மண்ணில் பரப்பினால் மழையில் மண் அரித்துப் போகாது, எருவும் ஆயிற்று. இந்த முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2018இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. வீட்டுக்கார அம்மாவுக்கோ அதைவிடக் காட்டுப்பன்றி வேலிதான் பெரிய பேச்சு.

குளியலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. விருந்தாளியைத்தான் முதலில் அனுப்புவார்கள். தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை போக அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். உங்களுக்குப் பிறகு அதே தண்ணீரில்தான் வீட்டார் எல்லோரும் இறங்குவார்கள். வெளியே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடாமல் மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள். நாள் முழுக்க ஏற்றம் மிதித்த காலோடு நாற்பது டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் உட்காரும்போது வெளியே வரவே மனசு வராது. ஆனால் வரிசையில் ஆள் இருக்கிறது. கழிவறைக்கென்று தனிச் செருப்பு, தத்தாமி பாய் மேல் எந்தச் செருப்பும் இல்லை. இதெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். மழையில் நனைந்த என் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தார் ஒரு தாத்தா. காலையில் முக்கால்வாசி காய்ந்திருந்தது.

கணவாயைத் தாண்டிக் கோச்சி மாவட்டத்துக்குள் இறங்கினால் காற்றில் யூசு வாசம், எலுமிச்சை இனத்துப் பழம் அது. ஜப்பானின் யூசு விளைச்சலில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மாவட்டத்தில்தான். நான் தங்கியிருந்த வீட்டில் அறுவடை நடந்துகொண்டிருந்ததால் நானும் ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டேன். கிளையிலிருந்து காம்போடு ஒரு வெட்டு, பிறகு காம்பைப் பழத்தோடு ஒட்ட இன்னொரு வெட்டு. காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்தும். முள்ளோ விரல் நீளம், தோல் கையுறையையும் துளைக்கும். அன்று மாலை ஊரிலிருந்து வந்த ரசப்பொடியில் ரசம் வைத்தேன், புளிக்குப் பதில் யூசுச் சாறு பிழிந்து. வீட்டுப் பாட்டி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, “இதில் தாஷி எங்கே?” என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை.

பெரிய சாலைகளில் பயம் சுரங்கப்பாதைகள்தான். கோச்சியிலிருந்து தெற்கே இறங்கும்போது லாரிகளோடு சேர்ந்து அவற்றுக்குள் போக வேண்டியிருக்கும். சத்தமே பாதி பயம். பின்விளக்கு இரண்டு, ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை, இவை இல்லாமல் போகாதீர்கள். சில சுரங்கங்களின் வாயிலில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால், உள்ளே சைக்கிள் போகிறது என்று ஓட்டுநர்களுக்குப் பலகை ஒளிரும். பழைய மலைப்பாதை இன்னும் திறந்திருந்தால் அதையே எடுப்பேன், ஏற்றம் இருந்தாலும் பரவாயில்லை.

ஷிமாந்தோ ஆற்றில் கைப்பிடிச் சுவரே இல்லாத தாழ்ந்த பாலங்கள் உண்டு. வெள்ளம் வந்தால் பாலம் முழுகும், அடித்து வரும் மரங்கள் எதிலும் சிக்காமல் மேலே போய்விடும். நடுவே ஒரு குட்டி லாரி எதிரே வந்தபோது நான் இறங்கி, ஓரமாக, அசையாமல் நின்றேன். ஓட்டிவந்த பாட்டி வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகச் சூடான காப்பி டின் ஒன்றையும் பேரிப்பழங்களையும் நீட்டினார். “நான் யாத்திரிகன் இல்லைங்க” என்றேன். “சைக்கிளில்தானே போறீங்க, அது போதும்” என்றார். இப்படிக் கொடுப்பதை மறுக்கக் கூடாது. யாத்திரிகர்கள் பதிலுக்குத் தங்கள் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். என்னிடம் இருந்தது நன்றி மட்டும்தான்.

கொடுப்பதால் வரும் இன்னொரு சிக்கல் எடை. உவாஜிமா பக்கம் மிக்கான் ஆரஞ்சு பறிக்கும் காலம். வானத்து வெயில், கடல் திருப்பிக் காட்டும் வெயில், கல் சுவர் காட்டும் வெயில் என்று தங்கள் தோட்டத்துக்கு மூன்று சூரியன் என்பார்கள் அங்கே. கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை பழம். முந்தின வீட்டுப் பழத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனால், அவர்கள் அதைவிடப் பெரிய பையாகத் தருவார்கள். நான் கொண்டுபோன பரிசுகள் சின்னவை: கடலை மிட்டாய்ப் பொட்டலம், ஏலக்காய். கனமில்லாத, தனித்தனியாகப் பொட்டலம் கட்டிய தின்பண்டம்தான் சரி.

ஷிகோக்குவின் இமாபாரியிலிருந்து கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஒனோமிச்சி வரைக்கும் ஷிமானாமி கைதோ என்கிற சாலை. தீவிலிருந்து தீவுக்குப் பாலம் பாலமாக சுமார் 70 கிலோமீட்டர், 1999இல் திறந்தது, ரோட்டோரம் நீலக் கோடு வழிகாட்டும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 439ஐ முடித்துவிட்டு வருகிறவனுக்கு அது பூங்காவில் ஓட்டுவதுபோல் இருந்தது. ஒனோமிச்சி நிலையத்தில் சக்கரங்களைக் கழற்றி, சைக்கிளை முழுவதுமாகப் பைக்குள் போட்டால்தான் ரயிலில் ஏற்றுவார்கள். சீட்டின் முனைகூட வெளியே தெரியக் கூடாது என்பதால் வீட்டிலேயே ஒருமுறை பழகிவிட்டுப் போவது நல்லது.

வந்ததும் தங்கிய வீடுகளுக்கெல்லாம் கையால் எழுதிய அட்டையும், அவர்களோடு எடுத்த படமும் தபாலில் அனுப்பினேன். யூசு வீட்டிலிருந்து பதிலுக்கு ஒரு பெட்டி வந்தது: பழம், மிளகாய் சேர்த்து அரைத்த யூசுத் தோல், “அந்தப் பொடி எங்கே கிடைக்கும்?” என்று பாட்டியின் கையெழுத்தில் ஒரு சீட்டு. அம்மாவிடம் சொல்லி இரண்டு கிலோ அரைக்கச் சொல்லியிருக்கிறேன்.