முதல் மழையும் மறுவிதைப்பும்

மானாவாரி நிலத்தில் ஒரு வெள்ளாமையைக் கெடுக்கப் பெரிய வறட்சி தேவையில்லை. வருஷத்துக்குப் பெய்ய வேண்டிய மழை மொத்தமும் பெய்துவிட்டு, முளைத்த பயிருக்கு மட்டும் பதினைந்து நாள் காட்டாமல் போனால் போதும். 600 மி.மீ. மழை 45 நாளில் பரவிப் பெய்தாலும், 20 நாளில் கொட்டித் தீர்த்தாலும் புள்ளிவிவரத்தில் ஒன்றுதான். நிலத்தில் அப்படி இல்லை.

பெரும்பாலும் தவறு நடப்பது முதல் மழையில். 10 மி.மீ. பெய்தால் மேல்மண் நனைந்து வாசனை வரும், கையும் பரபரக்கும். இரண்டு செ.மீ. ஆழத்தில் போட்ட விதை அந்த ஈரத்திலேயே ஊறி முளைவிடும். வேர் கீழே இறங்கினால் அங்கே காய்ந்த மண். வேர் வெளியே வந்த விதை திரும்பத் தூங்கப் போகாது, கருகிவிடும். விதைக்குமுன் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். ஈரம் ஒரு சாணுக்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும். செம்மண்ணில் இதற்கு ஏறக்குறைய 25 மி.மீ. மழை வேண்டும், களிமண்ணில் அதற்கும் மேல். சரிவில் ஓடிப்போன தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது.

மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில் சோள விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்வதும் இதனால்தான். தூறலின் ஈரம் அதுவரை எட்டாது. எட்டும் அளவு பெய்தால் பயிரையும் கொஞ்ச நாள் தாங்கும். எள், கேழ்வரகு போன்ற பொடி விதைக்கு இது ஆகாது, அந்த ஆழத்திலிருந்து மேலே வரவே முடியாது. சோள விதையைக் கடினப்படுத்துவதும், அதாவது வறட்சியைத் தாங்கும்படி ஊறவைத்து உலர்த்துவதும் உதவும். ஒரு கிலோ விதைக்கு 350 மி.லி. தண்ணீர், அதில் 7 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (2 சதக் கரைசல்), 6 மணி நேர ஊறல். பிறகு பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். நேரம் மறந்து முளை கட்டிவிட்டால் அந்த விதை வீண்.

அடித்துப் பெய்து உடனே வெயில் காய்ந்தால் வேறு சிக்கல். மேல்மண் பொறுக்குத் தட்டி, முளை அடியிலேயே கொக்கிபோல் வளைந்து கிடக்கும். பொறுக்கு அரைகுறையாகக் காயும்போதே முள் கிளையை லேசாக இழுத்து உடைத்துவிட வேண்டும். முழுக்க இறுகியபின் இழுத்தால் முளையும் சேர்ந்து முறியும்.

மறுவிதைப்பு என்றால் விதை, உழவு, கூலி எல்லாம் இரண்டாம் முறை. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும், செலவில் பெரும்பங்கு அதுதான். வாங்கிய கடனோ ஒரு விதைப்புக்குத்தான். மீதி வெளிவட்டிக்கு வரும், அல்லது ஆட்டை விற்க வேண்டும். ஊரே அதே வாரம் ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தால் என்ன விலை கிடைக்கும்? நிலமில்லாதவருக்குக் களையெடுப்புக் கூலியே போய்விடும், அதற்கு இழப்பீட்டுப் படிவமும் கிடையாது. விதைப்பு மூன்று வாரம் தள்ளிப்போனால் கடலையை விட்டுவிட்டு 65–70 நாள் பயறுக்கு மாறுவது உத்தமம். வரவு குறைவுதான், ஆனால் கடைசி மழைக்குள் வீடு வந்து சேரும்.

கடலை பிழைத்தாலும் விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் காம்பு) இறங்கும் சமயத்தில் மண் இறுகினால் விழுது நுனி காய்ந்து காய் பிடிக்காது. அறுவடையில் மண் காய்ந்திருந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணில் தங்கும். அப்போது அடைமழை பிடித்தாலோ படராமல் கொத்தாக வளரும் ரகங்கள் நிலத்திலேயே முளைத்துவிடும்.

மழை அளவை வைத்துக் கொடுக்கும் காப்பீட்டில், தூரத்து மழைமானியில் பெய்த மழை உங்கள் நிலத்திலும் பெய்ததாகத்தான் எழுதப்படும். அந்தக் கணக்கை மாற்ற முடியாவிட்டாலும், நம் நிலத்து மழையை நாமே அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பாவை மரநிழல் படாத இடத்தில் வைத்து, தினம் காலை ஒரே நேரத்தில் ஸ்கேலால் தண்ணீரின் உயரத்தை அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். எத்தனை மி.மீ. உயரமோ அத்தனை மி.மீ. மழை.